"அவன் ஏன் அப்படி இருக்கான்?" – மறைக்கல்வி வகுப்புல பெத்தவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

ராமேஸ்வரம் தீவுல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சின்னப் புள்ளைங்களுக்கு மறைக்கல்வி, அதாவது நம்ம கிறிஸ்தவ விசுவாசப் பாடம், எடுக்குறேன். வகுப்பு விட்டு புள்ளைய கூட்டிட்டுப் போக வர்ற அம்மாமாரு, அப்பாமாரு, சில நேரம் அப்பத்தாமாரு, எல்லாரும் ஆளுக்கொரு மாதிரி கேட்டாலும் சந்தேகம் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கு. நம்மள மாதிரி இல்லாதவங்கள புள்ளைங்க எப்படி பாக்கணும், நம்ம விசுவாசத்த வச்சு அத எப்படி சொல்லிக் கொடுக்குறது, அதுதான். வாசல்ல நின்னு அவசரமா சொல்ற பதில் பத்த மாட்டேங்குதுன்னு இங்க எழுதி வெக்கிறேன். கேள்விய அவங்க கேட்ட வார்த்தையிலயே போட்டுருக்கேன்.

மூணு வயசு புள்ளைக்கு இதெல்லாம் என்னங்க புரியும்? எப்ப ஆரம்பிக்கிறது?

நீங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே புள்ள ஆரம்பிச்சிருது. யாரு நம்ம வீட்டுக்குள்ள வர்றா, யாரு வாசலோட நிக்கிறா, யாரு வந்தா அம்மா முகம் மாறுது, இதெல்லாம் மூணு வயசுலயே பாத்துட்டு இருக்கும். அதனால அந்த வயசுல பாடம் வேண்டாம், ஒரே ஒரு வரி போதும்: "அவங்களையும் ஆண்டவர்தான் தன் சாயல்ல படைச்சாரு." பைபிள்ல தொடக்கநூல் முதல் அதிகாரத்துல இருக்குறது அவ்வளவுதான், அத குளிப்பாட்டும்போது சோறு ஊட்டும்போது சொல்லிட்டே இருந்தா மனசுல தங்கிரும்.

அஞ்சு வயசுக்கு மேல கதை. எட்டு வயசுக்கு மேல அவனே "ஏன்"னு கேக்க ஆரம்பிப்பான், அப்பதான் கீழ வர்ற கஷ்டமான கேள்வியெல்லாம் வரும்.

பஸ்ல ஒருத்தரப் பாத்து "அம்மா, அவருக்கு ஏன் கால் இல்ல"ன்னு சத்தமா கேட்டுட்டான், எனக்கு மானமே போச்சு. வாயப் பொத்துனேன். சரிதானே?

உங்க கூச்சம் புரியுது, ஆனா வாயப் பொத்துனா புள்ள என்ன கத்துக்குதுன்னு யோசிங்க. கால் இல்லாதது ஏதோ பேசக்கூடாத அசிங்கம், அந்த மனுசனப் பாக்கவே கூடாது, இததான் கத்துக்குது. அடுத்த தடவ அவரு வந்தா மூஞ்சியத் திருப்பிக்கும்.

நல்ல சமாரியர் கதைய (லூக்கா 10) ஒருக்கா மெதுவா வாசிச்சுப் பாருங்க. அடிபட்டுக் கெடந்தவர கோயில் குரு பாத்தாரு, கோயில் பணி செய்ற லேவியர் பாத்தாரு, யூதருங்க ஒதுக்கி வச்ச சமாரியரும் பாத்தாரு. மூணு பேருமே பாத்தாங்க. முதல் ரெண்டு பேரு பாத்துட்டு அந்தப் பக்கமா விலகிப் போனாங்க, சமாரியர் பாத்துட்டு கிட்ட போனாரு. எனக்கு இந்தப் பாடம் மொத்தமும் இங்கதான் இருக்குன்னு தோணுது. புள்ளைகிட்ட "பாக்காத"ன்னு சொல்லாதீங்க, பாத்துட்டு கிட்ட போறது எப்படின்னு காட்டுங்க.

பஸ்ல என்ன செய்யலாம்னா, சாதாரண குரல்ல "எல்லாருக்கும் ரெண்டு கால் இருக்காது தம்பி, அண்ணன் கட்டை வச்சு நடக்குறாங்க, வணக்கம் சொல்லு"ன்னு சொல்லுங்க, அந்த ஆளப் பாத்து நீங்களும் ஒரு சிரிப்பு சிரிங்க. கூட்டமா இருந்தா "வீட்டுக்குப் போயி பேசுவோம்"னு சொல்லலாம், ஆனா சொன்னா கட்டாயம் பேசணும்.

கடவுள் நல்லவருதானே, பின்ன ஏன் மாற்றுத்திறனாளி புள்ளைய இப்படி படைச்சாருன்னு மக கேக்குறா. பெரியவங்க "பாவத்தோட சம்பளம்"னு சொல்றாங்க.

பெரியவங்க சொன்னாலும் அது தப்பு, இயேசுவே தப்புன்னு சொல்லிட்டாரு. யோவான் 9ல பிறவியிலயே கண்ணு தெரியாத ஒருத்தரக் காட்டி சீடருங்க கேட்டதும் இதேதான், "இவரு செஞ்ச பாவமா, இவர பெத்தவங்க செஞ்ச பாவமா"ன்னு. ரெண்டும் இல்லன்னு நேரா சொன்னாரு. மாற்றுத்திறனாளி புள்ளைய பெத்த ஒரு தாய்கிட்ட நம்ம ஊருல எத்தன பேரு "என்ன பாவம் செஞ்சியோ"ன்னு கேட்டுருப்பாங்க, அந்தத் தாய் கோயிலுக்கு வர்றதையே நிறுத்திருவா. புள்ளைங்க காதுல அந்தப் பேச்சு விழவே கூடாது.

"ஏன்"ங்கிறதுக்கு முழு பதில் நம்மகிட்ட இல்லன்னு புள்ளைகிட்ட சொல்லலாம், ஒண்ணும் குறைஞ்சு போகாது. அதுக்குப் பதிலா சவுல் ராசாவோட பேரன் மெபிபொசேத்து கதைய சொல்லுங்க. அஞ்சு வயசுல தாதி தூக்கிட்டு ஓடும்போது கீழ விழுந்து ரெண்டு காலும் முடமாயிருச்சு (2 சாமுவேல் 4). பின்னால தாவீது ராசா அவர கூப்பிட்டு, தன் புள்ளைங்கள்ல ஒருத்தரா நெனச்சு கடைசி வரைக்கும் தன்னோட பந்தியிலயே சாப்பிட வச்சாரு (2 சாமுவேல் 9). அவரு கால் சரியாச்சுன்னு எங்கயும் எழுதல. அத நான் வகுப்புல அழுத்திச் சொல்லுவேன், ஏன்னா புள்ளைங்க எல்லா கதையிலயும் கடைசியில கால் சரியாயிரும்னு எதிர்பாக்குதுங்க, சரியாகாமலே ராசா பந்தியில ஒக்காரலாம்னு தெரியணும்.

கருப்பா இருக்கான்னு என் மகள எல்லாரும் கேலி பண்றாங்க. இயேசு மட்டும் படத்துல வெள்ளையா இருக்காரேன்னு வேற கேக்குறா.

படம் வரைஞ்சவங்க ஐரோப்பாவுல அவங்க ஊரு ஆளுங்கள மாதிரி வரைஞ்சாங்க, அதையே நாம வாங்கி மாட்டுனோம்னு சொல்லுங்க. இயேசு மேற்கு ஆசியாவுல யூதக் குடும்பத்துல பொறந்து வெயில்ல நடந்து திரிஞ்சவரு, படத்துல இருக்குற மாதிரி இருந்திருக்க வாய்ப்பில்ல.

எண்ணிக்கை நூல் 12ம் அதிகாரம் இருக்குல்ல, மோசே கூசு நாட்டுப் பொண்ண கட்டுனாருன்னு அவரு அக்கா மிரியாமும் ஆரோனும் பேசுனாங்க. கூசுன்னா எகிப்துக்குத் தெக்க இருக்குற கருப்பின மக்களோட நாடு. ஆண்டவருக்கு யாரு மேல கோவம் வந்துச்சு? பேசுனவங்க மேல. ஆனா வீட்டுல நாமளே பவுடரப் போட்டு "இப்பதான் லட்சணமா இருக்கா"ன்னு சொல்லிட்டு பைபிள் கதை சொல்றதுல பிரயோசனம் இல்ல.

மண்டபம் முகாம்ல இருக்குற இலங்கைத் தமிழ்ப் புள்ளைங்க பேசுறத கிண்டல் பண்றான், "ஆமா"ங்கிறதுக்கு "ஓம்"னு சொன்னாலே சிரிக்கிறான்.

பேதுரு கதைதான் இதுக்கு. இயேசுவ பிடிச்ச ராத்திரி முற்றத்துல நின்னவங்க பேதுருவ கண்டுபிடிச்சது எத வச்சு? அவரு பேச்ச வச்சு (மத்தேயு 26:73). கலிலேயா மீன்பிடிக்காரரு, தலைநகரத்துல அவரு தமிழ், சரி, அவரு பாஷை வேற மாதிரி கேட்டுச்சு. நம்ம புள்ளைங்களும் மதுரையில போயி படிச்சா "ராம்நாடு பேச்சு"ன்னு சிரிக்கத்தான் போறாங்க. அத சொன்னாலே பாதிப் புள்ளைங்களுக்கு சுருக்குன்னு இருக்கும்.

அந்தப் புள்ளைங்க ஏன் இங்க இருக்காங்கன்னும் வயசுக்கு ஏத்த மாதிரி சொல்லணும். 1983 கலவரத்துக்கு அப்புறம் உயிர கையில பிடிச்சிட்டு கடல் தாண்டி வந்தவங்களோட பேரப்புள்ளைங்க அவங்க, பல பேரு இங்கயே பொறந்தவங்க. 2021ல அரசாங்கமே அகதிகள் முகாம்ங்கிற பேர மாத்தி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு வச்சிருக்கு. "அகதி"ன்னு கூப்பிடுறத நாமளும் நிறுத்திரலாம். குழந்தை இயேசுவையும் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடுனாங்கன்னு கிறிஸ்மஸ் குடில் வெக்கிற புள்ளைங்களுக்குத் தெரியும்தானே.

எங்க வீட்டுக்காரர சிலோன் நேவி பிடிச்சிட்டுப் போயிட்டான், போட்டும் போச்சு. பையன் சிலோன்காரன்னாலே கொல்லணும்ங்கிறான். அவன்கிட்ட போயி அன்பா இருன்னு எப்படிங்க சொல்றது?

உடனே சொல்லாதீங்க. இத நான் ரொம்ப யோசிச்சுதான் எழுதுறேன். அப்பா ஜெயில்ல இருக்கும்போது எட்டு வயசுப் புள்ளைகிட்ட "பகைவரையும் நேசி"ன்னு வசனம் சொன்னா அவனுக்கு அது அப்பாவ விட்டுக்கொடுக்குற மாதிரி கேக்கும். முதல்ல அவன அழ விடுங்க, கோவப்பட விடுங்க. திருப்பாடல் 13ல "எத்தனை காலம் ஆண்டவரே, என்னை மறந்தே போயிட்டீரா"ன்னு கேக்குறது ஜெபம்தான். அந்த ஜெபத்த அவனோட சேந்து சொல்லுங்க.

அப்பா வந்த பிறகு, வீடு கொஞ்சம் அடங்குன பிறகு, ஒண்ணொண்ணா பிரிச்சுக் காட்டுங்க. பிடிச்சது கடற்படை, ஒரு அரசாங்கம். முகாம்ல இருக்குற அவன் கிளாஸ் பையன் அந்தப் பக்கத்துலேர்ந்து தப்பிச்சு வந்த குடும்பம். யாழ்ப்பாணத்துல கடலுக்குப் போறவங்களும் தமிழங்கதான், நம்ம ஆளுங்க ரெண்டு போட்டு சேந்து இழுக்குற ரெட்டை மடி வலையால அவங்க வலை அறுந்து அவங்க புள்ளைங்களும் பட்டினி கெடந்திருக்குங்க. இத சொல்றது கஷ்டம், நம்ம தெருவுல எல்லாருக்கும் பிடிக்காது, ஆனா உண்மை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ரெண்டு கரை மக்களும் வந்து ஒரே சிலுவைப்பாதையில நடக்குறாங்க, ஒரே பூசையில முழங்கால் போடுறாங்க. போயிட்டு வந்தவங்க உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ கட்டாயம் இருப்பாங்க, அவங்கள விட்டு பையன்கிட்ட பேசச் சொல்லுங்க, என்னைய விட அவங்க சொன்னா கேப்பான்.

பக்கத்து வீட்டு பாய் நோன்பு கஞ்சி குடுக்குறாங்க, இந்து வீட்டுக்காரங்க கோயில் பிரசாதம் தர்றாங்க. வாங்கலாமா வேண்டாமா?

நோன்பு கஞ்சி சாப்பாடு, பக்கத்து வீட்டு அன்பு, தாராளமா வாங்கிக் குடிக்கலாம், நாமளும் கிறிஸ்மஸ்க்கு பலகாரம் குடுக்குறோம்ல.

பிரசாதத்துல சபைக்கு சபை, வீட்டுக்கு வீடு பழக்கம் வேற. இதே பிரச்சின கொரிந்து ஊருலயும் இருந்துச்சு, பவுல் மூணு அதிகாரம் எழுதிருக்காரு. உரோமையர் 14ல சொல்றது எனக்கு போதுமானதா இருக்கு: சாப்பிடுறவன் சாப்பிடாதவன இழிவா பாக்க வேண்டாம், சாப்பிடாதவன் சாப்பிடுறவன தீர்ப்பிட வேண்டாம். உங்க வீட்டு முடிவு வேண்டாம்ங்கிறதா இருந்தா "நாங்க வாங்குறதில்ல அத்த, கோவிச்சுக்காதீங்க"ன்னு கையக் கும்பிட்டு சொல்ல புள்ளைக்கு கத்துக் கொடுங்க. வாங்கிட்டு வந்து குப்பையில போடுறது, "சாத்தான் சோறு"ன்னு சொல்றது, இதுதான் புள்ள மனச கெடுக்கும்.

இயேசுதான் வழின்னு சொல்றோம். மத்தவங்களையும் ஏத்துக்கன்னா புள்ள கொழம்பிராதா? விசுவாசம் போயிராதா?

இந்த பயம் நெறைய பேருக்கு இருக்கு. ஆள ஏத்துக்குறது வேற, அவரு நம்புறத நாமளும் நம்புறது வேற, இந்த வித்தியாசம் ஏழு வயசுப் புள்ளைக்கு நல்லாவே புரியும். இயேசு தன் விசுவாசத்துல தளரவே இல்ல, ஆனா ரோமாபுரி நூற்றுவர் தலைவரப் பாத்து "இஸ்ரயேல்லயே இப்படி ஒரு நம்பிக்கைய பாக்கல"ன்னு எல்லாரு முன்னாடியும் பாராட்டுனாரு (மத்தேயு 8). பேதுரு யூதரல்லாத கொர்னேலியு வீட்டுக்குள்ள கால் வெக்க எவ்வளவு தயங்குனாருன்னு திருத்தூதர் பணிகள் 10ல இருக்கு. கடவுள் ஆள் பாத்து நடக்குறவரு இல்லன்னு அவரு தெரிஞ்சுக்கிட்டது அந்த வீட்டுலதான். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965லயே இரண்டாம் வத்திக்கான் சங்கத்துல, மத்த மதங்கள்ல உண்மையும் புனிதமுமா இருக்குறது எதையும் தள்ளுறதில்லன்னு எழுதி வச்சிருச்சு.

நம்ம மாவட்டத்துலயே சாட்சி இருக்கு. ஓரியூர் அருளானந்தர் லிஸ்பன்ல பெரிய குடும்பத்துல பொறந்தவரு. இங்க வந்து காவி உடுத்தி, கறி மீன விட்டு, தமிழ் பேசி, பேரையும் தமிழ்ல வச்சுக்கிட்டாரு. நம்ம ஆளுங்க வேற மாதிரி வாழ்றாங்கன்னு முகம் சுளிக்கல. அதனால விசுவாசம் குறைஞ்சுச்சா? 1693 பிப்ரவரி 4ந்தேதி அதே விசுவாசத்துக்காக ஓரியூர்ல தலைய கொடுத்தாரு, 1947ல புனிதராக்குனாங்க. ஓரியூர் செம்மண்ண எடுத்து நெத்தியில பூசிட்டு வர்ற நாம புள்ளைக்கு இந்தக் கதையையும் முழுசா சொல்லணும். தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஜூலை மாசம் கூட்டிட்டுப் போங்க, இந்து முஸ்லிம் எல்லாரும் வந்து கும்புடுறத புள்ள தன் கண்ணால பாக்கட்டும்.

எங்க மாமியா சாதி பாப்பாங்க. என் மகனோட ஃப்ரெண்ட் வந்தா தனி டம்ளர். பெரியவங்கள எதுத்து பேச முடியல.

இதுதான் எல்லாத்துலயும் கஷ்டமான கேள்வி, இத மழுப்ப நான் விரும்பல. பூசைக்குப் போறோம், ஒரே அப்பத்த வாங்குறோம், வீட்டுக்கு வந்து தனி டம்ளர் வெக்கிறோம்னா புள்ளைக்கு எது உண்மைன்னு தெரியும், டம்ளர்தான் உண்மைன்னு எடுத்துக்கும். யோவான் 4ல அந்த சமாரியப் பொண்ணு ஆச்சரியப்பட்டதே இதுக்குத்தான், யூதர் எங்ககிட்ட புழங்க மாட்டாங்களே, நீரு எங்கிட்ட தண்ணி கேக்குறீரேன்னு. இயேசு கேட்டது அவங்க பாத்திரத்துலேர்ந்து. மணல்ல ஊத்து தோண்டி குடத்துல தண்ணி எடுத்த ஊரு நம்ம ஊரு, தண்ணி குடுக்காட்டி அது எவ்வளவு பெரிய பாவம்னு நமக்குச் சொல்லணுமா? "கிறிஸ்து இயேசுவோடு இணைந்துள்ள நீங்கள் யாவரும் ஒன்றாய் இருக்கிறீர்கள்"னு கலாத்தியர் 3:28ல வாசிக்கிறோம், ஆனா தமிழ்நாட்டுல கல்லறைத் தோட்டத்துல கூட சாதிச் சுவரு கட்டுன ஊருங்க இருக்கு. அது கிறிஸ்துவுக்கு விரோதம்னு புள்ளைகிட்ட தெளிவா சொல்லிரணும்.

மாமியாகிட்ட சண்டை போட வேண்டாம். அப்துல் கலாம் ஐயா சின்ன வயசுல நடந்தத நெனச்சுப் பாருங்க. அவரோட அறிவியல் வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டுக்கு சாப்பிட கூப்பிட்டாரு, முஸ்லிம் பையனுக்கு தன் சமையக்கட்டுல பரிமாற மாட்டேன்னு அவரு மனைவி சொல்லிட்டாங்க. அவரு கோவப்படல, தன் கையால கலாமுக்கு பரிமாறி, பக்கத்துலயே ஒக்காந்து தானும் சாப்பிட்டாரு, அடுத்த வாரமும் வரச் சொன்னாரு. அடுத்த வாரம் அந்த அம்மாவே உள்ள கூட்டிட்டுப் போயி தன் கையால பரிமாறுனாங்க. நீங்களும் அதே வீட்டு டம்ளர்ல நீங்களே தண்ணி மொண்டு அந்தப் பையனுக்குக் குடுங்க, உங்க மகனும் நீங்களும் பக்கத்துல ஒக்காருங்க. எதுத்துப் பேசுனதாவும் ஆகாது, புள்ளைக்கும் விளங்கிரும்.

வகுப்புல ஒரு ஆட்டிசம் புள்ள கத்துது, எங்க புள்ளைங்க கவனிக்க முடியல. தனியா வெச்சா என்ன? புதுநன்மை (முதல் நற்கருணை) வேற குடுக்கப் போறீங்களாமே?

தனியா வெக்கிறதில்ல. சத்தம் ஜாஸ்தியானா காத கூசுற புள்ளை அது, மைக்க குறைச்சு ஜன்னல் ஓரமா இடம் குடுத்தா பாதி கத்தல் நின்னுரும், அது எங்க பொறுப்பு. உங்க புள்ளைங்களுக்கு அஞ்சு நிமிசம் பாடம் போச்சுன்னாலும் "உடலில் வலுவற்றதா தோணுற உறுப்புதான் ரொம்ப தேவை"ன்னு 1 கொரிந்தியர் 12 சொல்றத அங்கதான் நேர்ல கத்துக்குதுங்க. மோசேக்கே பேச்சு சரளமா வராது, ஆரோன் பக்கத்துல நின்னு பேசுனாரு. அதே மாதிரி ஒரு புள்ளைய அவன் பக்கத்துல ஒக்கார வெப்போம், போட்டி போட்டு வர்றாங்க.

புதுநன்மைய பத்தி: மாற்றுத்திறனாளிகளுக்கு அருட்சாதனங்கள யாரும் மறுக்கக்கூடாதுன்னு 2020ல வந்த வத்திக்கான் மறைக்கல்வி வழிகாட்டியே சொல்லுது. அந்தப் புள்ளைய எப்படி தயாரிக்கிறதுங்கிறத பங்குச்சாமியும் பெத்தவங்களும் பேசிப்பாங்க.

ஏர்வாடி தர்கா பக்கம் போனா மனநிலை சரியில்லாதவங்களப் பாத்து பசங்க கல்லெறியிறாங்க. பேய் பிடிச்சவங்கன்னு சொல்லிட்டேன், அதானே பயந்து ஒதுங்குவாங்க?

பேய்னு சொன்னதாலதான் கல்லு எடுக்குறாங்க. அது நோய், மாத்திரை இருக்கு, டாக்டர் இருக்காங்கன்னு சொல்லுங்க. 2001 ஆகஸ்ட் 6ந்தேதி ஏர்வாடியில மனநோயாளிகள கட்டிப்போட்டிருந்த ஒரு கொட்டகையில தீப்பிடிச்சு 28 பேரு சங்கிலியோட கருகிச் செத்தாங்க, ஓடக்கூட முடியல. வளந்த புள்ளைகளுக்கு இது தெரிஞ்சிருக்கணும். மாற்கு 5ல கெரசேனர் ஊரு ஆளையும் பல தடவ சங்கிலியால கட்டித்தான் பாத்தாங்க. இயேசு அவர சுகமாக்கி, "உன் வீட்டுக்குப் போ, உன் சொந்தக்காரங்ககிட்ட போ"ன்னு அனுப்புனாரு. அந்த ஆளுக்கும் ஒரு வீடு இருக்கு, ஒரு பேரு இருக்குன்னு பசங்களுக்கு தோணிருச்சுன்னா கை தானா இறங்கிரும்.

ரயில்ல திருநங்கைய பாத்து "இது அக்காவா அண்ணனா"ன்னு கேட்டுட்டா. சர்ச்சுல இதுக்கு என்ன பதில்?

"அக்கா"ன்னு கூப்பிடு, அவங்க அப்படி கூப்பிடுறதத்தான் விரும்புறாங்க, அவ்வளவு போதும் சின்னப் புள்ளைக்கு. ஒன்பது, அது இதுங்கிற வார்த்தை வீட்டுல வரக்கூடாது. பெரிய புள்ளை கேட்டா எத்தியோப்பிய அண்ணகர் கதைய சொல்லலாம் (திருத்தூதர் பணிகள் 8). ஊரு உலகம் ஆம்பளையிலயும் சேக்காம பொம்பளையிலயும் சேக்காம வச்சிருந்த ஆளு, தேர்ல போயிட்டே எசாயா வாசிச்சாரு, பிலிப்பு ஏறி பக்கத்துல ஒக்காந்தாரு, வழியிலயே தண்ணியப் பாத்து ஞானஸ்நானம் குடுத்தாரு. பஸ் கதையில சொன்ன "பாத்துட்டு கிட்ட போறது" இங்கயும் அதேதான்.

கேலி பண்ணுனது எங்க புள்ளைதான். அடிச்சேன். வேற என்ன செய்ய?

அடிச்சா அடுத்த தடவ நீங்க இல்லாத இடத்துல பண்ணுவான். வரி வசூல்காரரு சக்கேயு என்ன செஞ்சாரு? ஏமாத்துனத நாலு மடங்கா திருப்பிக் குடுக்குறேன்னாரு. அதனால "ஸாரி"யோட விடாதீங்க, சரி பண்ண வையுங்க. அந்தப் புள்ள வீட்டுக்கு நீங்களும் கூடவே போங்க, அவங்க அம்மா முன்னாடி நீங்க முதல்ல மன்னிப்பு கேளுங்க, அப்புறம் அவன் கேக்கட்டும். அடுத்த நாள் வெளையாட்டுல அவனச் சேத்துக்கட்டும். அப்புறம் அந்த வார்த்தைய எங்க கத்துக்கிட்டான்னு மெதுவா விசாரிங்க, முக்கால்வாசி நம்ம வீட்டுத் திண்ணையிலேர்ந்துதான் வந்திருக்கும்.

எல்லாரையும் ஏத்துக்க, கிட்ட போன்னு சொல்றீங்க. யாராச்சும் தப்பா தொட்டா, அடிச்சா அதையும் பொறுத்துக்கணுமா?

கூடவே கூடாது. நேசிக்கிறதுக்கும் அடி வாங்குறதுக்கும் சம்பந்தம் இல்ல. வேற மாதிரி இருக்குறவங்களப் பாத்து பயப்படாத, ஆனா யாரு கெடுதல் பண்ணாலும், அவங்க நம்ம மதமோ, நம்ம சொந்தமோ, நம்ம கோயில் ஆளோ, யாரா இருந்தாலும் கத்து, ஓடி வந்து சொல்லுன்னு ரெண்டையும் சேத்தே சொல்லணும். புள்ளைங்களுக்கு கெடுதல் பெரும்பாலும் தெரிஞ்ச ஆளுங்ககிட்டேர்ந்துதான் வருது. முகாம்காரன், பைத்தியம், வேற சாதின்னு மத்தவங்கள காட்டி பயமுறுத்தி வச்சிருந்தா உண்மையான ஆபத்து வீட்டுக்குள்ளேர்ந்து வரும்போது புள்ளைக்கு அடையாளம் தெரியாது.

புள்ள வந்து சொன்னா முதல்ல நம்புங்க. "நீ என்ன பண்ணுன"ன்னு கேக்காதீங்க. 1098 குழந்தைகள் உதவி எண், காசு கிடையாது, ராத்திரி பகல் எப்ப வேணாலும் கூப்பிடலாம், புள்ளைங்களே கூப்பிடலாம். நம்பர அடுப்பங்கரை காலண்டர் ஓரத்துல எழுதி, புள்ளைய ஒருக்கா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.